நாலு ஜாக் எங்கிருந்து வந்தது? சினிமாச் சீட்டாட்டமும் அதற்குள் நடக்கும் மோசடியும்

நமக்குத் தெரிந்தது ரம்மி, மிஞ்சினால் 304. ஹாலிவுட் படத்தில் ஆடுவதோ போக்கர். யாரோ ஒருவர் சீட்டை விரித்துக் காட்டுகிறார், சுற்றியிருப்பவர்கள் வாயடைத்துப் போகிறார்கள், பணக்கட்டுகள் மேஜையின் ஒரு பக்கமாக நகர்கின்றன. யார் எதனால் ஜெயித்தார் என்று நமக்குப் பிடிபடுவதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது. அதனாலேயே இந்த வகைப் படங்களை ஒதுக்கிவைத்தவர்கள் பலர்.

போக்கர் தெரியாமலேயே இவற்றை முழுசாக ரசிக்கலாம். முக்கால்வாசிப் படங்களில் ஆட்டம் வெறும் திரைதான். அதற்குப் பின்னால் நடப்பது ஏமாற்று. சீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மேஜையில் இருப்பவர்களில் யார் 'இங்கே நடப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்' என்ற நினைப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர்தான் ஏமாறப்போகிறவர்.

போக்கரைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். ஒவ்வொருவரும் ஐந்து சீட்டில் ஒரு சேர்க்கை அமைக்க வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு இருப்பதைவிட மூன்று பெரிது, மூன்றைவிட நான்கு பெரிது. ஒரே பூவில் அடுத்தடுத்த ஐந்து எண்கள் அமைந்தால் அது எல்லாவற்றையும் அடிக்கும். முதல் ஐந்து சீட்டிலேயே நாலு ஒரே எண்ணாக விழ வேண்டுமென்றால் சராசரியாக 4,165 கைக்கு ஒருமுறைதான் நடக்கும். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பந்தயத்தை ஏற்றிக்கொண்டு போகலாம். எதிரில் இருப்பவர் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டால், நம் கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பணம் நமக்கு. அதாவது உதார் விடுவது இந்த ஆட்டத்தில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஒன்று. ரம்மியை வைத்து இவ்வளவு படங்கள் வராததற்கும் போக்கரை வைத்து வந்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஏமாற்றின் எலும்புக்கூட்டைப் பார்க்கத் தெருவோர மூன்று சீட்டு வித்தையை எடுத்துக்கொள்வோம். மூன்று சீட்டைக் கவிழ்த்து வைத்து இடம் மாற்றுவார்கள், ராணி எங்கே என்று சொல்ல வேண்டும். கை வேகத்தில் ஏமாற்றுகிறார்கள் என்று நாம் நினைப்போம். வேகம் அதில் பாதிதான். கூட்டத்தில் நிற்கும் இரண்டு மூன்று பேர் ஆட்டக்காரனின் ஆட்களே. ஆட்டக்காரன் வேறு பக்கம் திரும்பும் நேரத்தில் அவர்களில் ஒருவன் ராணிச் சீட்டின் மூலையை லேசாக மடக்கிவிட்டு, நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பான். 'அட, ஆட்டக்காரனுக்கே இது தெரியாதே' என்று நாம் பணத்தை வைப்போம். அதற்குள் ஆட்டக்காரன் அந்த மடிப்பை நீவிவிட்டு வேறொரு சீட்டை மடக்கியிருப்பான். தோற்றபிறகு நம்மால் வாயைத் திறக்க முடியாது. நாமும்தான் களவாணித்தனம் செய்தோம்.

இந்தச் சின்ன வித்தையைப் பெரிதாக்கினால் 'தி ஸ்டிங்' கிடைக்கும். 1973இல் ஜார்ஜ் ராய் ஹில் இயக்கிய படம். சிறந்த படத்துக்கானது உட்பட ஏழு ஆஸ்கர் விருதுகள் வாங்கியது. கதை நடப்பது 1936இல், சிகாகோவிலும் அதைச் சுற்றியும். சில்லறை மோசடிக்காரனான ஹூக்கர் (ராபர்ட் ரெட்ஃபோர்ட்) தெரியாத்தனமாக லோனகன் என்ற தாதாவின் பணத்தை அடித்துவிடுகிறான். பதிலுக்கு லோனகனின் ஆட்கள் ஹூக்கரின் கூட்டாளியைக் கொல்கிறார்கள். பழிவாங்க ஹூக்கர் தேடிப்போவது, பெரிய மோசடிகளில் பெயர் எடுத்து இப்போது ஒதுங்கிக் கிடக்கும் கோண்டார்ஃப் (பால் நியூமன்). படத்தின் முடிவை நான் சொல்லப்போவதில்லை. ரயில் காட்சியை மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

நியூயார்க்கிலிருந்து சிகாகோ போகும் ரயிலில் பணக்காரர்கள் போக்கர் ஆடுகிறார்கள். லோனகன் அதில் வழக்கமாக உட்காருபவன், வழக்கமாகத் திருட்டாட்டம் ஆடுபவன். அங்கே கோண்டார்ஃப் தாமதமாக, குடிவெறியில் இருப்பது போலத் தள்ளாடிக்கொண்டு வருகிறான். லோனகனின் பெயரை ஒவ்வொரு முறையும் தப்பாகக் கூப்பிடுகிறான். இங்கே டை கட்டித்தான் ஆட வேண்டும் என்று லோனகன் சொல்ல, கிடைத்த டையில் மூக்கைச் சிந்துகிறான். இவ்வளவு அசிங்கமான ஆள், ஆனால் ஆட்டத்தில் ஜெயித்துக்கொண்டே இருக்கிறான். குடித்திருப்பது வெறும் நடிப்பு. ஏமாற்ற வேண்டியவனோடு உட்காரும்போது ஜின்தான் குடிக்க வேண்டும், தண்ணீர் கலந்திருப்பது எதிராளிக்குத் தெரியாது என்று ஹூக்கருக்கு முன்பே பாடம் நடத்தியிருப்பான்.

லோனகனுக்கு ஆத்திரம் தலைக்கேறுகிறது. இடைவேளையில் தன் ஆளிடம், முன்கூட்டியே அடுக்கிய சீட்டுக்கட்டு ஒன்றைத் தயார்செய்யச் சொல்கிறான். கோண்டார்ஃபுக்கு நாலு மூன்று, தனக்கு நாலு ஒன்பது. இது அழகான கணக்கு. எதிராளிக்கு மோசமான கை கொடுத்தால் அவன் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவான். பிரமாதமான கை கொடுத்தால்தான் இருப்பதையெல்லாம் வைப்பான். திருட்டாட்டத்தின் அடிப்படை விதியே இதுதான்: தோற்கப்போகிறவனுக்கு நல்ல சீட்டைக் கொடு.

கோண்டார்ஃப் தன் சீட்டைப் பார்க்கிறான், நாலு மூன்று இருப்பதை நாமும் பார்க்கிறோம். பந்தயம் ஏறுகிறது. லோனகன் நாலு ஒன்பதை விரிக்கிறான். கோண்டார்ஃப் விரிப்பது நாலு ஜாக்.

அந்த ஜாக்குகள் எங்கிருந்து வந்தன? படம் அதைக் காட்டவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இந்த மௌனம்தான். எப்படி என்பது நமக்குத் தேவையில்லை, லோனகனின் முகம் போதும். பணத்தைக் கொடுக்க லோனகன் பைக்குள் கை விட்டால் பர்ஸைக் காணோம். அதையும் ஆட்டத்துக்கு முன்பே ஒரு பெண் அடித்துவிட்டாள். அறைக்குத் திரும்பிய பிறகு தன் ஆளிடம் அவன் குமுறுவதன் சாரம் இது: என்னைவிட அவன் நன்றாகத் திருட்டாட்டம் ஆடினான் என்று எல்லார் முன்னாலும் நான் சொல்லவா முடியும்? மூன்று சீட்டு வித்தையில் மூலை மடிப்பை நம்பிப் பணம் வைத்தவனின் நிலைமைதான் இந்தத் தாதாவுக்கும்.

இந்தச் சீட்டாட்டம் உண்மையான மோசடி இல்லை என்பதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் பலர் தவறவிடுகிறார்கள். அந்தப் 15,000 டாலர் கோண்டார்ஃபுக்குப் பெரிய விஷயமே இல்லை. லோனகன் பணத்துக்காக இல்லாமல் கோபத்துக்காக ஆட வேண்டும், அதற்கான ஏற்பாடுதான் இது. கோண்டார்ஃபின் வேலையாளாக நடித்துப் பணத்தை வசூலிக்க வரும் ஹூக்கர், 'என் முதலாளியைக் கவிழ்க்க நான் உதவுகிறேன்' என்று லோனகனிடம் சொல்கிறான். இனி லோனகன் தன்னை வேட்டைக்காரன் என்றே நினைத்துக்கொண்டு நடப்பான்.

அடுத்து வருவது அந்தக் காலத்தில் நிஜமாகவே நடந்த ஒரு பெரிய மோசடி. குதிரைப் பந்தய முடிவுகள் தந்தி வழியாக ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த காலம். தந்தி அலுவலகத்தில் எனக்கு ஆள் இருக்கிறான், முடிவைச் சில நிமிடம் தாமதப்படுத்துவான், அதற்குள் ஜெயித்த குதிரை மேல் பணம் கட்டிவிடலாம் என்பது தூண்டில். பணம் கட்டப்போகும் பந்தயக் கடையே பொய். கவுன்டர், கரும்பலகை, ஒலிபெருக்கியில் பந்தயத்தை வர்ணிப்பவர், பணம் கட்ட வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் நடிகர்கள். ஒரே ஒரு பார்வையாளருக்காக ஒரு முழு நாடகம். கோண்டார்ஃப் என்ற பெயரையே இந்த வித்தைக்குப் பேர்போன கோண்டார்ஃப் சகோதரர்களிடமிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். இந்தத் தொழிலின் படிநிலைகளை மொழியியல் பேராசிரியர் டேவிட் மாரர் மோசடிக்காரர்களிடமே கேட்டு 1940இல் புத்தகமாக எழுதியிருந்தார். படம் வந்தபிறகு, என் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அவர் வழக்குப் போட்டார்; நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. ஏமாற்றைப் பற்றிய படத்துக்கே இப்படி ஒரு வழக்கு!

படிநிலைகளில் முக்கியமானது, முதலில் கொஞ்சம் ஜெயிக்க விடுவது. லோனகன் முதல் பந்தயத்தில் ஜெயிக்கிறான், பணமும் கைக்கு வருகிறது. திருக்குறளில் சூது அதிகாரத்தின் முதல் குறளே இதைத்தான் சொல்கிறது: 'வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று'. ஜெயித்த பணமே தூண்டில் முள். இன்றைக்குப் பகுதிநேர வேலை என்று டெலிகிராமில் வரும் மோசடியும் இப்படித்தான். முதல் சில நாள் நூறு, இருநூறு என்று உண்மையாகவே வங்கிக் கணக்கில் விழும்.

அதற்கு அடுத்த படிதான் எனக்கு இன்னும் ரசமானது. இரண்டாவது முறை லோனகன் பணத்தோடு வரும்போது அவனைக் கட்டவே விடமாட்டார்கள். வரிசை நகராது, கவுன்டரை நெருங்குவதற்குள் பந்தயம் தொடங்கிவிட்டது என்று மூடிவிடுவார்கள். அவனுக்குச் சொல்லப்பட்ட குதிரையோ ஜெயித்துவிடும். ஒருவனை ஜெயிக்க வைத்தால் ஆசை வரும், ஜெயிக்க இருந்ததைத் தடுத்தால் வெறி வரும். அடுத்த தடவை அவன் கொண்டுவருவது 5 லட்சம் டாலர்.

இதெல்லாம் சினிமா என்று தோன்றினால் டெக்சஸைச் சேர்ந்த மாட்டுப்பண்ணைக்காரர் நார்ஃப்ளீட்டின் கதை இருக்கிறது. 1919இல் ஒரு ஹோட்டலில் அவர் கண்ணில் படும்படி ஒரு பர்ஸைப் போட்டுவைத்தார்கள். நேர்மையான மனிதர், உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த உரியவர் 'பங்குச்சந்தை ஆள்'. நன்றிக்கடனாக அவருக்கு லாபம் சம்பாதித்துத் தருவதாகச் சொன்னார். நார்ஃப்ளீட் முதலில் 20,000 டாலர் கொண்டுவந்தார், அதை மீட்பதற்காக ஊருக்குப் போய் இன்னொரு 25,000 புரட்டிக்கொண்டு வந்தார். இரண்டும் போயின. பிறகு அவரே துப்பாக்கியும் கையுமாகக் கிளம்பி, அந்தக் கும்பலை ஊர் ஊராகத் துரத்திப் பிடித்துக் கொடுத்தார்.

ரயில் காட்சிக்குப் பிறகு பார்க்க வேண்டிய சீட்டாட்டக் காட்சி 'ஹவுஸ் ஆஃப் கேம்ஸ்' (1987) படத்தில் இருக்கிறது. நாடகாசிரியர் டேவிட் மாமெட் இயக்கிய முதல் படம். மார்கரெட் ஃபோர்ட் ஒரு மனநல மருத்துவர், புத்தகம் எழுதிப் புகழ் பெற்றவர். ஒரு நோயாளிக்காக, மைக் என்ற சூதாடியைத் தேடிப்போகிறார். மைக் அவரிடம் ஒரு சின்ன உதவி கேட்கிறான். உள்ளே ஒருவன் என்னைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறான். உதார் விடும்போது மோதிரத்தைத் திருகுவது அவன் பழக்கம். நான் அவனைக் கவனிப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் பாத்ரூம் போகிற சாக்கில் வெளியே போகிறேன், அவன் மோதிரத்தைத் தொடுகிறானா என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

மனிதர்களைப் படிப்பதுதான் அவர் தொழில். அவர் பார்க்கிறார், மோதிரம் திருகப்படுகிறது. மைக்கிடம் சொல்கிறார், மைக் துணிந்து ஏற்றுகிறான். கையில் அவ்வளவு பணம் இல்லை என்றதும், 6,000 டாலருக்கு நான் பொறுப்பு என்று மருத்துவரே சொல்லிவிடுகிறார். சீட்டு விரிக்கப்படுகிறது. எதிராளி உதார் விடவில்லை, ஜெயித்துவிட்டான். பணம் கேட்டு அவன் துப்பாக்கியை மேஜையில் வைக்கிறான். மருத்துவர் காசோலையை எழுதத் தொடங்கும்போது, துப்பாக்கி முனையிலிருந்து தண்ணீர் சொட்டுவது அவர் கண்ணில் படுகிறது. பொம்மைத் துப்பாக்கி. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அவருக்காக நடித்தவர்கள்.

இங்கே மருத்துவருக்குப் பண ஆசை துளியும் இல்லை. அவருடைய பலவீனம் தன் திறமை மேல் இருந்த பெருமை. இந்த வகை மோசடியில் நீ என்னை நம்புகிறாய் என்பதைவிட, நான் உன்னை நம்புகிறேன் என்று காட்டுவதுதான் வேலைசெய்கிறது என்று மைக் அவருக்கு விளக்குவான். ஒருவர் நம்மிடம் ரகசியத்தைச் சொல்லி உதவி கேட்டால், அவரைச் சந்தேகிக்க நமக்கே கூச்சமாகிவிடுகிறது. காட்சி இத்தோடு முடிந்தது என்று மருத்துவர் நினைக்கிறார். படத்தில் இன்னும் முக்கால் பங்கு பாக்கி இருக்கிறது.

மோதிரம் திருகும் அந்தச் சூதாடியாக நடித்தவர் ரிக்கி ஜே. நிஜத்தில் சீட்டு வித்தையில் பெரிய கை. ஒரு சீட்டை வீசித் தர்ப்பூசணித் தோலில் குத்தி நிற்க வைப்பார். 'தி ஸ்டிங்'கில் பால் நியூமன் சீட்டைக் கலைக்கும் அண்மைக் காட்சிகளில் நாம் பார்ப்பவை ஜான் ஸ்கார்ன் என்ற சீட்டு நிபுணரின் கைகள். கட்டின் அடியிலிருந்து சீட்டை எடுத்துப் போடுவது, உள்ளங்கையில் ஒளிப்பது, கட்டையே மாற்றுவது என்று திருட்டாட்டத்தின் கைவேலை பல விதம். அது பிடிபடும் காட்சி வேண்டுமென்றால் 'ரவுண்டர்ஸ்' (1998). எட்வர்ட் நார்ட்டன் அடியிலிருந்து போடுவதைப் போலீஸ்காரர்கள் நிறைந்த மேஜையில் செய்து மாட்டிக்கொண்டு உதை வாங்குவார். அதே படத்தில் ஜான் மால்கோவிச், பிஸ்கட்டைக் காதருகே வைத்துப் பிரிக்கும் பழக்கத்தால் தன் கையில் இருப்பதைக் காட்டிக்கொடுப்பார். மோதிரக் காட்சியைப் பார்த்தபிறகு இதைப் பார்த்தால், அந்த பிஸ்கட்டும் நடிப்பாக இருக்குமோ என்ற சந்தேகம் நமக்கு வரும்.

நேர்மையான ஆட்டமாகக் காட்டப்படும் காட்சிகளில் வரும் சீட்டுகள்தான் வேடிக்கை. 'காசினோ ரொயால்' (2006) படத்தின் கடைசிக் கையில் நாலு பேருக்கும் அபூர்வமான சீட்டு, ஜேம்ஸ் பாண்டுக்கு இஸ்பேடில் நாலு முதல் எட்டு வரை வரிசையாக. மூல நாவலில் அவர் ஆடியது போக்கரே இல்லை, பக்கரா என்ற வேறொரு சீட்டாட்டம். 'தி சின்சினாட்டி கிட்' (1965) முடிவிலும் அப்படித்தான், பெரிய கையை அதைவிடப் பெரிய கை அடிக்கும். இப்படி ஒரு ஆட்டத்தை நிஜத்தில் பார்த்தால் கட்டை அடுக்கியது யார் என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் பின்னதில் ஒரு நல்ல திருப்பம் உண்டு: சீட்டுப் போடுபவர் நாயகனுக்குச் சாதகமாகத் திருட்டாட்டம் ஆடுவார்; அதைக் கண்டுபிடித்த நாயகனே நிறுத்தச் சொல்லி மிரட்டுவான்.

தமிழில் இந்த வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்கது எச்.வினோத்தின் 'சதுரங்க வேட்டை' (2014). மண்ணுளிப் பாம்பு, ரைஸ் புல்லிங் (அரிசியை இழுக்கும் சக்தி உள்ள பாத்திரம் என்று சொல்லி விற்பது) என்று நம் செய்தித்தாள்களில் வந்த மோசடிகளையே படிப்படியாகக் காட்டியது. ஒருவனை ஏமாற்ற அவன் ஆசையைத் தூண்ட வேண்டும் என்பது அந்தப் படத்து நாயகனின் சூத்திரம். அது முழு உண்மை என்று எனக்குத் தோன்றவில்லை. 'பேப்பர் மூன்' (1973) படத்தின் மோசடிக்காரன் பத்திரிகையில் மரண அறிவிப்புகளைப் படித்துவிட்டு, கணவனை இழந்த பெண்களின் வீட்டுக் கதவைத் தட்டுவான். உங்கள் பெயரைத் தங்க எழுத்தில் பொறித்து ஒரு பைபிள் வேண்டும் என்று உங்கள் கணவர் சொல்லியிருந்தார் என்பான். அந்தப் பெண்கள் பணம் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பேராசை? கடைசியாக அவர் என்னை நினைத்திருந்தார் என்று நம்ப விரும்பினார்கள், அவ்வளவுதான். ஆசைப்பட்டவன்தான் ஏமாறுவான் என்று சொல்லி ஏமாந்தவர்களையே திட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் காட்சி அதற்கு நல்ல பதில்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் 'தி ஸ்டிங்'தான். முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். இரண்டாவது தடவை ரயில் காட்சியில் லோனகனாக வரும் ராபர்ட் ஷாவின் முகத்தை மட்டும் பாருங்கள். அப்புறம் 'ஹவுஸ் ஆஃப் கேம்ஸ்'. அதில் எல்லாரும் மனப்பாடம் செய்து ஒப்பிப்பது போலப் பேசுவார்கள், முதல் கால் மணி நேரம் எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, சீட்டே இல்லாவிட்டாலும், அர்ஜென்டினாவின் 'நைன் குயின்ஸ்' (2000). பழைய அஞ்சல்தலைகளை வைத்து ஒரே நாளுக்குள் நடக்கும் மோசடி. அதற்குமேல் ஒரு வரி சொன்னாலும் கெட்டுவிடும். ட்ரெய்லரைக்கூடப் பார்க்காமல் நேராகப் படத்துக்குப் போய்விடுங்கள்.